சிங்கப்பூர் ஒர்க் பர்மிட்: பாஸ்போர்ட்டிலிருந்து அட்டை கைக்கு வரும்வரை

சிங்கப்பூர் ஒர்க் பர்மிட்டுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. உங்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும். அல்லது அந்தக் கம்பெனி அமர்த்திய, சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் போகும் இடம் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு (எம்.ஓ.எம்.). ஊரில் இருக்கும் ஏஜெண்ட் "நானே பர்மிட் போட்டுத் தர்றேன்" என்றால், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. கம்பெனியோடு தொடர்பு உள்ள ஆளா என்பதுதான் அவரிடம் பார்க்க வேண்டியது.

கட்டுமான சைட்டில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது கிளம்பும் பையன்களுக்குக் காகிதம் பார்த்துக் கொடுக்கிறேன். ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் படிவத்தில் தப்புச் செய்து ஏமாறுவதில்லை. வரிசையை மாற்றுவதால் ஏமாறுகிறார்கள். காகிதம் வருவதற்கு முன்னால் பணம் போய்விடுகிறது, நகை அடகுக்குப் போய்விடுகிறது, இருக்கிற வேலையும் விடப்படுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## 1. அந்த வேலைக்கு இந்தியரை எடுக்க முடியுமா என்று பாருங்கள்

ஒர்க் பர்மிட்டில் எந்த நாட்டுக்காரர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்று விதி இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் நாட்டுக்காரர்களுக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறை (எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயன ஆலை வேலைகள்) ஆகிய மூன்றும் திறந்திருக்கின்றன.

தொழிற்சாலை, சேவைத் துறைகளில் ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைகள் மட்டும்தான். 2023 செப்டம்பரில் வந்த அந்தப் பட்டியலில் வெல்டர், ஷீட் மெட்டல் வேலை, இந்திய உணவகச் சமையல்காரர், ஓட்டல் ஹவுஸ்கீப்பிங் போன்றவை இருந்தன. 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர் உள்ளிட்ட சில வேலைகள் சேர்ந்தன. இந்தப் பட்டியலில் எடுக்கப்படுகிறவருக்கு மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம், பாதிப் பொய் இங்கேயே பிடிபட்டுவிடும். "சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுற வேலை, ஒர்க் பர்மிட்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். "எஸ் பாஸ் வாங்கித் தர்றேன், சம்பளம் 1,200" என்பதும் அப்படித்தான். எஸ் பாஸ் என்பது ஒர்க் பர்மிட்டுக்கு மேலே உள்ள இன்னொரு வகை வேலை அனுமதி. 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 3,300 வெள்ளி.

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் புதிதாக விண்ணப்பிக்கும்போது 61-க்குக் கீழே இருந்தால் போதும். அதற்கு முன் இந்தியர்களுக்கு 50 என்று இருந்தது. பழைய கணக்கை நம்பி விட்டுவிட்டவர்கள் மறுபடி பார்க்கலாம்.

## 2. பாஸ்போர்ட்டை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்

பர்மிட் பொதுவாக 2 வருடம் வரை தரப்படும். ஆனால் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் பர்மிட் காலமும் சுருங்கும். அதனால் இரண்டரை வருடத்துக்குக் குறைவாகப் பாக்கி இருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள்.

விண்ணப்பம் போன பிறகு புதுப்பிப்பதுதான் பெரிய தவறு. புதுப்பித்தால் பாஸ்போர்ட் எண் மாறும். ஒப்புதல் கடிதம் பழைய எண்ணில் வரும், விமான நிலையத்தில் கையில் புது எண் இருக்கும். கம்பெனி அதை மாற்றி வாங்கித் தரும்வரை நீங்கள் ஊரில்தான்.

அப்புறம் பெயர். நமக்கு இனிஷியல் ஒரு தீராத தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒரு எழுத்துகூட மாறாமல், அதே வரிசையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

## 3. கட்டுமானம் என்றால் திறன் தேர்வு

கட்டுமானத் துறைக்குப் போகும் இந்தியருக்கு, பி.சி.ஏ. எனப்படும் சிங்கப்பூர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். இந்தத் தேர்வை அந்த ஆணையம் அங்கீகரித்த மையங்களில் இந்தியாவிலேயே எழுதலாம். டைல்ஸ், பூச்சு, கம்பி கட்டுதல், பலகை அடைப்பு, பிளம்பிங், வயரிங், வெல்டிங் என்று தொழில் வாரியாக இருக்கிறது. எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு.

பயிற்சி மையத்தில் சேருவதற்கு முன், அங்கே உண்மையிலேயே தேர்வு நடக்கிறதா, வெறும் பயிற்சி மட்டுமா என்று ஆணையத்தின் இணையதளப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். "சிங்கப்பூர் டெஸ்ட்" என்று போர்டு வைத்த எல்லா இடமும் தேர்வு மையம் ஆகாது.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கைக்கு ஏற்கெனவே பழக்கமானதை எடுங்கள். எது சீக்கிரம் பாஸ் ஆகும் என்று பார்த்து எடுத்தவர்கள் அங்கே போய்த் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் லெவி. வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கம்பெனி அரசுக்கு மாதந்தோறும் லெவி கட்டுகிறது. 2024 முதல் கட்டுமானத்தில் இந்தியர் போன்றோருக்கு, உயர் திறன் உள்ளவர் என்றால் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் மட்டும் என்றால் 900 வெள்ளி. மாதம் 400 வெள்ளி வித்தியாசம்! போன பிறகு உயர் திறன் நிலைக்கு ஏறுகிறவரைத்தான் கம்பெனி வைத்துக்கொள்ள விரும்பும். தெரியாத தொழிலில் அப்படி ஏறுவது கஷ்டம்.

## 4. ஏஜெண்டும் பணமும்

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைகிரேட் இணையதளத்தில் இருக்கிறது. பெயரையும் பதிவு எண்ணையும் அதில் தேடுங்கள். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. தனியாரிடம் போவதற்கு முன் அங்கே என்ன வேலை இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் வருகிறது. மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போகும் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற வகை) பாஸ்போர்ட்காரர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. எனவே "கிளியரன்ஸ் செலவு" என்று யாராவது சிங்கப்பூருக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதிவு பெற்ற இந்திய ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்குவதற்கும் வரம்பு உண்டு: பர்மிட் அல்லது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை. நடைமுறையில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். சட்டக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் பேரம் பேசவும் முடியும், எங்கே எழுந்து வர வேண்டும் என்றும் தெரியும்.

கம்பெனிக்காரரே வேலை தருவதற்கு உங்களிடம் பணம் கேட்டால், அது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 வருடம் வரை சிறையும் உண்டு. "முதலாளிக்குக் கொடுக்கணும்" என்று ஏஜெண்ட் சொல்லும் தொகையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

எது கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். முழுத் தொகையை ஐ.பி.ஏ. எனப்படும் பர்மிட் ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், "நாளைக்கே அப்ரூவல்" என்ற சொல்லை நம்பி அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினான். ஏழு மாதம் போன் எடுக்கப்பட்டது, அப்புறம் அதுவும் நின்றது. கையில் ஒரு துண்டு ரசீதும் இல்லாததால் போலீஸ் புகாரில் எழுத ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

## 5. விண்ணப்பம் போகும்போது உங்கள் பங்கு

விண்ணப்பிப்பதற்கு முன் கம்பெனி உங்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தில் என்ன வேலை, என்ன சம்பளம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

இல்லாத டிப்ளமோவைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொய்த் தகவலுக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, பிறகு சிங்கப்பூரில் வேலை செய்யவே தடை. கையெழுத்து உங்களுடையது என்பதால் ஏஜெண்ட் தப்பிவிடுவார், நீங்கள் மாட்டுவீர்கள்.

விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, பர்மிட் வழங்க இன்னொரு 35 வெள்ளி. "எம்.ஓ.எம். பீஸ் ஐம்பதாயிரம்" என்று கேட்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். முடிவு மாதக்கணக்கில் இழுக்கும் விஷயமும் அல்ல. மூன்று மாதமாக "அப்ரூவலில் இருக்கு" என்றால், விண்ணப்பமே போகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். விண்ணப்ப நிலையை மனிதவள அமைச்சின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

முடிவு வரும்வரை நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை செய்துகொண்டே பர்மிட் வாங்கலாம் என்பது பொய். பிடிபட்டால் சட்டவிரோத வேலை.

## 6. ஐ.பி.ஏ. கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

ஐ.பி.ஏ. என்பது கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே இது உங்கள் தாய்மொழிப் பிரதியோடு உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது விதி. ஆங்கிலம் படிக்க வராது என்பதால் ஏஜெண்ட் விளக்கியதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கடிதத்தில் உள்ள விவரம் உண்மையா என்று அமைச்சின் இணையதளத்தில் ஒப்பிடுங்கள், போலி ஐ.பி.ஏ. தயாரிப்பது இன்று ஒரு போட்டோஷாப் வேலைதான்.

முதலில் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி. அடுத்து கம்பெனி பெயர், வேலையின் பெயர், காலாவதித் தேதி. அந்தத் தேதிக்குள் நீங்கள் சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டும்.

அதன் பிறகு சம்பளப் பகுதி. அரை மணி நேரம் ஒதுக்கி, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மாத நிலைச் சம்பளம் என்று ஒரு மொத்தத் தொகை இருக்கும். அதற்குள் அடிப்படைச் சம்பளம் தனியாகவும், படிகள் தனியாகவும், பிடித்தங்கள் தனியாகவும் எழுதியிருக்கும். ஏஜெண்ட் சொன்ன மொத்தம் சரியாக இருக்கிறதே என்று திருப்தியாகி மூடிவிடாதீர்கள். ஓவர்டைம் கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் போடப்படும்.

கணக்கு இதுதான்: அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 2,288-ஆல் வகுத்தால் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்) ஒரு மணி நேரக் கூலி. அதன் ஒன்றரை மடங்கு ஓவர்டைம்.

மொத்தம் 1,000 வெள்ளி என்று இருவருக்குக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படையே 1,000. மற்றவருக்கு அடிப்படை 650, படி 350. முதலாமவருக்கு ஓவர்டைம் மணிக்கு 7.87 வெள்ளி, இரண்டாமவருக்கு 5.11. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் முதலாமவருக்கு 472 வெள்ளி, இரண்டாமவருக்கு 307. ஒரே சம்பளம் என்று சொல்லி அனுப்பப்பட்ட இருவருக்கும் இடையே மாதம் 165 வெள்ளி! இரண்டு வருடத்தில் அது கிட்டத்தட்ட 4,000 வெள்ளி. கடன் வாங்கிப் போகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிடித்தம் வரியில் தங்குமிடம், சாப்பாடு என்று எவ்வளவு என்று பாருங்கள். லெவி, இன்சூரன்ஸ், மருத்துவப் பரிசோதனைச் செலவு, 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்டு (உங்களுக்காகக் கம்பெனி அரசுக்குத் தரும் பிணை) ஆகிய எதையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இவை கம்பெனியின் செலவு.

கடிதத்தில் உள்ள சம்பளம் பேசியதைவிடக் குறைவாக இருந்தால் இப்போதே கேளுங்கள். "அது சும்மா காகிதத்துக்கு, அங்கே போனா கூடக் கிடைக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அதிகாரி முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தக் கடிதத்தைத்தான். எழுதியிருக்கும் தொகைக்குக் கீழே குறைப்பதென்றால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும், அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், இப்போது வேலையை விடலாம், பாக்கிப் பணம் கொடுக்கலாம், டிக்கெட் போடலாம்.

## 7. கிளம்புவதற்கு முன்

ஒரு நல்ல டாக்டரிடம் மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். போனதும் அங்கே மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, காசநோய், எச்.ஐ.வி. போன்றவை பார்க்கப்படும். தேறாவிட்டால் பர்மிட் கிடைக்காது, திரும்பி வர வேண்டியதுதான். எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்து சிக்கலானவர்கள் உண்டு. ஊரிலேயே தெரிந்தால் சிகிச்சைச் சீட்டுகளைச் சேர்த்து எடுத்துப் போகலாம்.

செக்யூரிட்டி பாண்டு போட்டாகிவிட்டதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். அது இல்லாமல் வந்து இறங்கினால் குடிநுழைவில் உள்ளே விட மாட்டார்கள். தனியாக விசா எடுக்க வேண்டாம். ஒருமுறை உள்ளே வருவதற்கான விசா ஐ.பி.ஏ.யோடு சேர்ந்தே வருகிறது.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

ஐ.பி.ஏ., பாஸ்போர்ட், திறன் சான்றிதழ், பணம் கொடுத்த ரசீதுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தால்கூடக் காகிதம் தொலையாது.

## 8. இறங்கிய பின் முதல் இரண்டு வாரம்

மருத்துவப் பரிசோதனையை இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறைகளுக்கு வரும் புதியவர்களுக்கு 14 நாட்களுக்குள் ஒரு அறிமுக வகுப்பு உண்டு. சட்டம், சம்பளம், யாரிடம் முறையிடுவது எல்லாம் சொல்லித் தருவார்கள். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள், கேள்வி கேளுங்கள்.

கட்டுமானத்துக்கு வந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சிக்கும் இரண்டு வாரத்துக்குள் போய், மூன்று மாதத்துக்குள் தேற வேண்டும். பிறகு கைரேகை, போட்டோ பதிவு, அட்டை வரும். வந்ததும் எஸ்.ஜி. ஒர்க் பாஸ் செயலியில் அட்டையைச் சரிபார்த்து, கம்பெனி பெயரும் வேலையும் ஐ.பி.ஏ.யில் உள்ளதுதானா என்று பாருங்கள்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. பத்திரத்துக்கு என்று சொல்லிக் கேட்டால், பூட்டுள்ள பெட்டி கேளுங்கள்.

## 9. வேலை தொடங்கிய பிறகு

முதல் நாளிலிருந்து ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், போன நேரம், சைட் பெயர் எழுதுங்கள். சம்பளம், மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் வர வேண்டும், ஓவர்டைம் 14 நாட்களுக்குள். சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் ஐ.பி.ஏ.யோடு ஒப்பிடுங்கள்.

பர்மிட்டில் உள்ள கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் கடையில் இரண்டு மணி நேரம் என்றாலும் தப்புதான்.

கம்பெனி மாற நினைத்தால், பர்மிட் முடிவதற்கு 40 முதல் 21 நாட்களுக்கு முன் உள்ள இடைவெளியில் இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய கம்பெனி விண்ணப்பிக்கலாம். மற்ற நேரத்தில் சம்மதம் வேண்டும். முடியும் தேதியிலிருந்து எண்ணி அந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

சம்பளம் தராவிட்டால் டார்மிட்டரியை விட்டு ஓடாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டரின் 24 மணி நேர எண் 6536 2692. முதலில் அங்கே பேசுங்கள். சம்பளத் தகராறைப் பதிவு செய்யும் இடம் டி.ஏ.டி.எம். ஐ.பி.ஏ., சம்பளச் சீட்டு, உங்கள் நேர நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். வேலையில் இருக்கும்போது என்றால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே அதைப் பதிவு செய்துவிடுங்கள்.